பிடரியில் ஓர் ஆணி

கிள்ளானில் எங்கள் பாட்டி வீட்டுக்குப் பின்னால் வாழைமரங்கள் இருந்தன. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகக் கூடாது. எங்கிருந்தாவது பூ வாசனை வந்தால், ‘மணக்குது’ன்னு வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. பொந்தியானாக் அந்த வாசனையோடுதான் வருவாளாம். பாட்டி பிறந்து வளர்ந்தது கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்களிடமிருந்து இந்தக் கதை லயத்துக்குள் வந்திருக்க வேண்டும்.

பேறுகாலத்தில் செத்துப்போன பெண் பொந்தியானாக் ஆகிறாள். ஒருவன் துணிந்து அவள் பிடரியில் இரும்பாணியை அடித்துவிட்டால் அழகான மனுஷியாகிவிடுவாள். சமைப்பாள், பிள்ளை பெறுவாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆணியைப் பிடுங்கினால் பழையபடி பேய். பாட்டி இதை எனக்குப் பேன் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். கதை அந்த இடத்துக்கு வரும்போது அவர் விரல் சரியாக என் பிடரியில் நிற்கும்.

பாட்டியின் அக்கா ஒருவர் அதே தோட்டத்தில் தலைப்பிரசவத்தில் இறந்தவர். புகைப்படம் கிடையாது. வீட்டில் யாரும் பெயரைச் சொல்வதில்லை. பொந்தியானாக் கதை முடியும்போது மட்டும் பாட்டி, “பாவம், அவளும் பொம்பளதானே” என்பார். அந்த ‘அவள்’ யார் என்பது எனக்குப் புரிய இருபது வருஷமாயிற்று.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் நண்பர்கள் சிலர் அவ்வப்போது கூடிப் புத்தகம் பேசுவோம். போன முறை, பேயும் மாந்திரீகமும் வருகிற, பெண்ணை மையமாகக் கொண்ட நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அவற்றை விரும்பிப் படிப்பவர்கள். மூத்த வாசகர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் தப்பித்தல். சயாம் மரண ரயிலையும் தோட்டத் துண்டாடலையும் எழுத வேண்டிய சமூகம் பேய்க்கதை படிச்சா எப்படி?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எல்ஆர்டியில் வீடு திரும்பும்போதுதான் பதில் வந்தது. வழக்கம்போல.

நம் யதார்த்த நாவல்களில் பெண்களுக்கு நடப்பதை யோசித்துப் பாருங்கள். அடி வாங்குகிறாள், ஏமாற்றப்படுகிறாள், மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்கிறாள். அவள் துயரத்துக்குச் சாட்சி. அவள் இறந்ததும் கதை ஆண்களிடம் திரும்பிவிடும், அல்லது முடிந்துவிடும். பேய்க்கதையில் அவள் இறந்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது. அங்கே அவள் வழக்குத் தொடுக்கிறவள். தன் சாவைப் பற்றிப் பேச அவளுக்கே வாய் இருக்கிறது. என் பெரியபாட்டியைப் போன்ற ஒருத்திக்கு எந்தப் பதிவேடும் கொடுக்காத இடம் அது. என் தோழிகளை இந்தக் கதைகளிடம் இழுப்பது பயம் என்று நான் நம்பவில்லை. பெண்ணின் பேச்சு சாவோடு முடிவதில்லை என்ற அந்த உறுதிதான் இழுக்கிறது.

ஆனால் பேயாக வரும் பெண்ணெல்லாம் வலுவான பெண் என்று கைதட்டிவிடவும் என்னால் முடியாது. பாட்டியின் கதையில் ஆணியும் இருந்ததே.

இந்த ஆணி மலாய்க்காரர்களுடையது மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் பேயோட்டும்போது பிடித்த பெண்ணின் முடிக்கற்றையை வெட்டிப் புளியமரத்தில் ஆணியடிக்கும் வழக்கம் உண்டு. கேரளத்தின் ‘ஐதீகமாலை’யில் கடமற்றத்துக் கத்தனார் ஒரு யட்சியின் தலையில் ஆணியடித்து வேலைக்காரியாக்குகிறார். அவளுக்குத் தலை கோதிவிட்ட கிழவி ஒருத்தி ஆணியைக் கண்டு பிடுங்கிவிட, அவள் மறைந்துவிடுகிறாள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கற்பனைதான். அடிப்பவன் ஆண், பிடுங்குவது தலை கோதும் ஒரு பெண்ணின் கை.

எனவே இந்த வகைக் கதைகளைப் படிக்கும்போது நான் ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன். இந்தக் கதை அவளுக்கு ஆணி அடிக்கிறதா, பிடுங்குகிறதா?

‘சந்திரமுகி’யை (2005) எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அதைத் திரையரங்கில் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. எல்லார் நினைவிலும் நிற்பது ஜோதிகா ஆடும் அந்தக் கடைசி ஆட்டம்தான். கொல்லப்பட்ட ஒரு நடனக்காரியின் கோபம் முழுக்க அந்தக் கண்களில் இருக்கிறது. பிறகு டாக்டர் வைத்தியம் பார்க்கிறார். கங்கா தெளிந்து, எதுவும் நினைவில்லாமல், அமைதியான மனைவியாகக் கணவனிடம் திரும்புகிறாள். நாமும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். அந்தக் கடைசிக் காட்சி மிக நேர்த்தியாக அடிக்கப்பட்ட ஓர் ஆணி. ‘காஞ்சனா’வில் (2011) நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை தன் நியாயத்தைக் கேட்க வருகிறாள். அதற்கு அவளுக்கு ஒரு கதாநாயகனின் உடம்பு தேவைப்படுகிறது. பேய்க்கே இங்கு ஆண் துணை வேண்டும்போல.

மலாய்த் திரையில் பொந்தியானாக்கை 1957ல் முதலில் கொண்டுவந்தவர் நமக்கு அந்நியரில்லை. பி. என். ராவ், தமிழில் ‘ரம்பையின் காதல்’ (1939) எடுத்தவர். சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக, மரியா மெனாடோவை வைத்து அந்தப் படத்தை எடுத்தார். கூனல் விழுந்த, அழகில்லாத ஒரு பெண் மந்திரத்தால் அழகியாகிறாள். பாம்பு கடித்த கணவனின் விஷத்தை உறிஞ்சி எடுக்கும்போது இரத்தத்தின் ருசி அவளைப் பேயாக்கிவிடுகிறது. கணவனைக் காப்பாற்றப் போய்தான் அவள் பேயானாள் என்பதைக் கவனியுங்கள். அந்தப் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. படத்திலும் அவள் பேய், படமும் இப்போது பேய். 2004ல் ஷுஹைமி பாபா என்ற பெண் இயக்குநர் மாயா காரினை நடிக்க வைத்து ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ எடுத்தபோது, கர்ப்பிணியாகக் கொல்லப்பட்ட நடனக்காரி மெரியம் தலைமுறைகள் தாண்டிக் கணக்குத் தீர்க்க வந்தாள். எனக்குப் பிடித்த படம். ஆனால் பழிவாங்கி முடித்ததும் அவளுக்குச் செய்ய ஒன்றுமே மிஞ்சுவதில்லை. பழியும் ஒருவகை ஆணிதானோ என்று தோன்றுகிறது. கொன்றவனைச் சுற்றியே அவள் மறுவாழ்வும் கட்டப்பட்டிருக்கிறது.

தமிழுக்கு இது புதிதில்லை. நம்மிடம் நீலி இருக்கிறாள். கணவனால் கொல்லப்பட்ட பழையனூர் நீலி, மறுபிறவியில் வந்த அவனைத் தேடி, கையில் குழந்தையோடு பெண்ணுருவில் வருகிறாள். ஊர்ச்சபையில் நின்று, இவன் என் கணவன் என்று வழக்காடுகிறாள். எழுபது வேளாளர்கள் அவனுக்கு எதுவும் நேராது, நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று உறுதி கூறி அவளோடு அனுப்புகிறார்கள். அவள் அவனைக் கொல்கிறாள். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். நாம் ஞாபகம் வைத்திருப்பது வேளாளர்களின் வாய்மையைத்தான். நீலிக்குக் கிடைத்தது ஒரு சொல்வழக்கு. ‘நீலிக்கண்ணீர் வடிக்காதே’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். கொலையுண்ட ஒருத்தியின் அழுகையைப் பொய்யழுகைக்குப் பெயராக வைத்திருக்கிறது நம் மொழி. அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் பயன்படுத்திய சொல் அது. எந்த மந்திரவாதியும் இவ்வளவு ஆழமாக ஆணி அடித்ததில்லை.

அதைப் பிடுங்கியவரும் தமிழிலேயே இருக்கிறார், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யை எழுதிய, பெயர் தெரியாத சமணப் புலவர். அவர் இதே பழையனூர் நீலியை எடுக்கிறார். முனிச்சந்திரர் என்ற துறவியை மயக்கவும் மிரட்டவும் வந்தவள், அவரிடமே அறம் கேட்டு மாணவியாகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி என்று ஒவ்வொருவரையும் வாதில் வெல்கிறாள். ஒரு பேய்க்கு நம் முன்னோர் கொடுத்த வேலை தத்துவ விவாதம்!

இதிலும் ஒரு துறவி வந்து அவளைத் திருத்தத்தானே வேண்டியிருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பூதவாதியோடு வாதிடும் கட்டத்தைப் பாருங்கள். பேய் என்று ஒன்றில்லை என்கிற உலகாயதன் அவன். நீலகேசி தன் பழைய பயங்கர உருவத்தை எடுத்துக் காட்ட, அவன் நடுங்கிவிடுகிறான். பேயாக இருந்ததை அவள் தொலைக்கவில்லை. வேண்டும்போது எடுத்துக்கொள்கிற ஆயுதமாக வைத்திருக்கிறாள். பழையனூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவாலங்காட்டில் இன்னொருத்தி, காரைக்கால் அம்மையார், கணவன் அஞ்சி விலகியபின் இந்த அழகு இனி எதற்கு என்று பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாடியவர். இவர்கள் இருவரும் பயமுறுத்துவதால் வலுவானவர்கள் இல்லை. உருவத்தைத் தாங்களே தேர்ந்துகொண்டு, அதற்குப் பிறகும் பேசியவர்கள்.

இன்றைய மலேசியப் பெண்களின் ஆங்கில நாவல்கள் எனக்கு நெருக்கமாக இருப்பது இதனால்தான். யாங்ஸே சூவின் ‘தி கோஸ்ட் பிரைட்’ (2013) பத்தொன்பதாம் நூற்றாண்டு மலாக்காவில் நடக்கிறது. லீ லான் என்ற பெண்ணை இறந்துபோன ஒருவனுக்கு மணம் பேசுகிறார்கள். அவள் உயிரோடு இருக்கும்போதே இறந்தவர்களின் உலகத்துக்குள் போய், தன் கல்யாணத்தைத் தானே விசாரிக்கிறாள். சென் சோவின் ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’ (2021) இன்னும் கூர்மையானது. அமெரிக்காவில் படித்து, வேலை கிடைக்காமல், பெண்ணைக் காதலிப்பதைப் பெற்றோரிடம் மறைத்துக்கொண்டு பினாங்குக்குத் திரும்பும் ஜெஸ்ஸின் தலைக்குள் செத்துப்போன பாட்டியின் குரல் கேட்கிறது. அந்தப் பாட்டி சாமியாடியாக இருந்தவர். அவருடைய சின்னக் கோயிலை ஒரு வீட்டுமனை நிறுவனம் இடிக்கப் பார்க்கிறது.

இந்தக் கதை சீனருடையது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2007ல் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிபட்டதையும், 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீபீல்டு கோயிலைச் சுற்றி நடந்ததையும் பார்த்தவர்கள் நாம். மூத்த வாசகர் கேட்ட தோட்டத் துண்டாடலும் இதே கதைதான். தோட்டம் போனது, லயம் போனது, சாமி மட்டும் போக மறுத்து நின்றது. ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’ தப்பித்தல் என்றால், நாம் தினமும் கடந்து போகும் நெடுஞ்சாலையை நோக்கித்தான் அது தப்பித்து ஓடுகிறது. பாட்டி நல்லவர் என்று சென் சோ பூசி மெழுகவில்லை. அவர் பேத்தியின் உடம்பைக் கேட்காமலே பயன்படுத்துகிறார். ஜெஸ் செய்ய வேண்டியிருப்பது இரண்டு வேலை. இறந்தவளைக் கேட்க வேண்டும், அவளுக்கு முழுசாகத் தன்னைக் கொடுத்துவிடாமலும் இருக்க வேண்டும்.

2025ல் வந்த மலையாளப் படம் ‘லோகா’ கள்ளியங்காட்டு நீலியைப் பெங்களூரில் வாழும் சாகச நாயகியாக்கியது. கோயிலுக்குள் நுழைந்ததற்காக ஊரையே இழந்த சிறுமி என்று அவளுக்கு ஒரு பூர்வகதையும் தந்தது. கல்யாணி பிரியதர்ஷனைப் பார்த்து விசிலடித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் யாரோ ஒருவரின் ஆணைக்கு அவள் ஊர் ஊராகப் போவதைப் பார்க்கையில், நீலகேசிக்கு இருந்த வாய் இவளுக்கு இல்லையே என்றிருந்தது. அடிக்கத் தெரிந்தவள். வாதாட இடம் கொடுக்கப்படாதவள்.

நம் சொந்த நாவலுக்கு வருகிறேன். ம. நவீனின் ‘பேய்ச்சி’ (2019), 1981ல் கெடாவின் லூனாசில் விஷச் சம்சு குடித்துப் பலர் இறந்த துயரத்தைப் பின்னணியாகக் கொண்டது. வளர்க்கும் தாயும் அழிக்கும் தாயும் ஒருத்திதான் என்ற தொன்மம் அதன் அடியில் ஓடுகிறது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. காரணம், ஆபாசம், ஒழுக்கக்கேடு. அந்தத் தடையைக் கேட்டு வாங்கித் தந்ததில் தமிழ்க் குரல்களுக்கும் பங்குண்டு. பேய்ச்சி என்றால் கோயிலில் கும்பிடுவோம். புத்தகத்தில் அவள் நம் வீட்டு மொழியில் வாயைத் திறந்தால் நமக்கு ஆணி தேவைப்படுகிறது.

இங்குள்ள கோயில்களில் பெரியாச்சியைப் பார்த்திருப்பீர்கள். மடியில் கிடப்பவளின் வயிற்றைக் கிழித்தபடி, ஒரு கையில் பச்சைக் குழந்தையை உயர்த்திப் பிடித்திருப்பாள். பிள்ளை பெற்ற வீடுகளில் முப்பதாம் நாள் அவளுக்குப் படையல் போடுகிறோம். பிரசவத்தில் பிழைத்தவர்களின் தெய்வம் பெரியாச்சி. பிரசவத்தில் செத்தவர்களின் உருவம் பொந்தியானாக். இந்த இருவரும் ஒரே லயத்தின் இரண்டு முனைகளில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். பாட்டி இருவருக்கும் நடுவில் வாழ்ந்தார். அந்த நடுவிடத்திலிருந்து ஒரு பெண் எழுதிய தமிழ் நாவலை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். என் கைக்கு இன்னும் வரவில்லை. உங்களில் யாராவது எழுதிக்கொண்டிருந்தால், ‘இது இலக்கியமா’ என்ற கேள்விக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

போன மாதம் அம்மாவிடம் பாட்டியுடைய அக்காவின் பெயரைக் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. கிள்ளானில் இருக்கும் சின்னப்பாட்டிக்குப் போன் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “எதுக்குடி இப்ப அதெல்லாம்?” என்றார். அதற்கும் பிறகு, பெயரைச் சொன்னார்.