கொன்றைச் சரம்

பங்குனியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்தால் சுக்கும் மிளகும் மூக்கில் ஏறும். கிடங்குகளின் காரம் அது. அதற்கடியில் காயலின் உப்புவாடை. இவற்றைத் தாண்டி வசந்தத்தின் மணம் நம்மை எட்டாது. அண்ணாந்து பார்த்தால்தான் வசந்தம் தெரியும்.

நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் பிறப்பது சித்திரையில். மரங்கள் அதுவரை பொறுப்பதில்லை. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் தளிரோடு இளஞ்சிவப்புக் குஞ்சங்களையும் ஏந்தி நிற்கும். உதிர்ந்த குஞ்சம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது தனிப் பூவல்ல, பூக்களின் கூட்டம். நடுப்பூ மட்டும் சற்றே பெரிது.

என் மனம் போய் நிற்பதோ கொன்றையிடம். மலையாளிகளுக்கு அது கணிக்கொன்ன. சரம் கீழ்நோக்கித் தொங்கும். மலர்ச்சி காம்புப் பக்கம் தொடங்கி நுனிக்கு இறங்கும். மேலே ஐந்து இதழும் விரிந்த மஞ்சள், இடையில் வாய் திறக்கும் மொட்டு, நுனியில் உருண்டைப் பச்சை மணிகள். நுனிமணி மலர்வதற்குள் முதல் பூவின் இதழ்கள் தரையில் கிடக்கும். பூவுக்குள் மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றில் மூன்று மட்டும் நீண்டு, கொக்கிபோல் மேலே வளைந்திருக்கும். இத்தனை மென்மைக்குப் பக்கத்திலேயே போன வருஷத்துக் காய் கறுத்து, முழ நீளத்தில் தொங்குகிறது. மஞ்சளை இன்னும் மஞ்சளாக்குவது அந்தக் கறுப்புதான்.

ஏப்ரல் நடுவில் மலையாளிகளின் விஷுத் திருநாள். உருளியில் வெள்ளரிக்காய், கண்ணாடி, நாணயத்தோடு கொன்றையும் இருந்தால்தான், அன்று கண் விழித்ததும் காணும் கணி நிறையும். ஆனால் இப்போதெல்லாம் பல மரங்கள் பிப்ரவரியிலேயே பூத்துவிடுகின்றன. விஷுவுக்குள் சரம் உதிர்ந்துவிட, கடைகளில் பிளாஸ்டிக் கொன்றை தொங்குகிறது. பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

பருவம் தப்பிப் பூத்த கொன்றை சங்கப் பாட்டிலும் உண்டு. அங்கே அது கார்காலத்து மலர். பருவமில்லா மழையைக் காரென்று நம்பிப் பூத்த கொன்றையைப் பேதை என்கிறாள் குறுந்தொகைத் தோழி ஒருத்தி. தலைவியைத் தேற்றச் சொன்னது அது. எனக்கு மரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெயிலும் ஈரமும் சொன்னதைக் கேட்டுத்தான் அது பூத்தது.

கணிக்கு ஒரு கொத்து போதும். கிளையோடு ஒடிக்காதீர்கள், நுனியில் இன்னும் பச்சை மணிகள் இருக்கின்றன.