சிவகாசியைப் படித்தவர்கள்

சிவகாசியைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. கட்டுரை, நாவல், ஆவணப்படம், தீர்ப்பு என்று ஓர் அலமாரியே நிரம்பும். ஆனால் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் வெடிக்குத் திரி செருகும் ஒரு பெண்ணின் கூலி ஏன் அந்த இடத்திலேயே நிற்கிறது என்ற ஒரே கேள்வியோடு அதைத் துழாவினால், குழந்தை கிடைக்கும், விபத்து கிடைக்கும், கூலி அகப்படாது. படிப்பாலும் தொண்டாலும் வறுமையைப் புரிந்துகொள்ளலாம் என்று நம்புகிற நமக்கு இந்தக் கேள்விதான் சரியான அளவுகோல்.

ஸ்மிது கோத்தாரி 1983இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் எழுதிய கட்டுரையும், சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) ஆவணப்படமும் தீப்பெட்டிக் குழந்தைகளை நாட்டின் கண்முன் நிறுத்தின. விளைந்த நன்மை சிறிதல்ல. குறை அவற்றில் இருப்பதைவிட அவற்றை நாம் வாசித்த விதத்தில் இருக்கிறது. குழந்தையை எடுத்துக்கொண்டோம், அக்குழந்தையின் கூலியை எதிர்பார்த்திருந்த தாயின் சம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனின் முறை வேறு. களத்துக்குப் போவார், பேசிப் பழகுவார், பிறகுதான் எழுதுவார். தூத்துக்குடி உப்பளத்தை எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலில் இந்த முறை பலித்தது. நாயகி பொன்னாச்சியின் உடம்பில் உப்பு என்ன செய்கிறது என்பதும், அளத்தில் அவளை யார் எப்படி மேய்க்கிறார்கள் என்பதும் ஒரே கதையாக ஓடுகின்றன. தகவலைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. தீப்பெட்டித் தொழிலுக்கு வந்த ‘கூட்டுக் குஞ்சுகள்’ நாவலிலோ செய்தி முந்திக்கொள்கிறது, பாத்திரங்கள் பின்னால் ஓடி வருகிறார்கள். உழைப்பில் நேர்மை அதே அளவு. கலையில் அந்த இணைவு இல்லை. ராஜம் கிருஷ்ணன் கணவர் மறைவுக்குப் பின் உடைமைகளை இழந்து முதியோர் இல்லத்தில் தங்கி, 2014இல் மறைந்தார். ஏழைகளை எழுதியவர் வீடற்றுப் போனார் என்று உருகி அந்த நாவலுக்குக் கூடுதல் மதிப்பெண் போடுபவர்கள் உண்டு. அது அஞ்சலி, திறனாய்வு ஆகாது.

சிவகாசிக்கு வெளியே, அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் 2001இல் வெளியிட்ட ‘நிக்கல் அண்ட் டைம்ட்’ இன்னொரு முறை. பரிமாறுபவராகவும் வீட்டைத் துடைப்பவராகவும் வால்மார்ட் ஊழியராகவும் தாமே வேலைக்குச் சேர்ந்து, வரவு செலவைக் காசு காசாக எழுதினார். கார் தம்மிடம் இருக்கும், தெருவில் படுக்க மாட்டேன் என்று முன்கூட்டியே விதி வகுத்துக்கொண்டது நேர்மைதான். ஆய்வின் எல்லையும் அதுவேதான். இருந்தாலும் கூலிக்கும் கூரைக்கும் உள்ள உறவை அவர் பிடித்துவிட்டார். வாடகைக்கு முன்பணம் கட்ட வழியில்லாமல், அதைவிட அதிகம் பிடுங்கும் விடுதியறையிலும் வண்டிக்குள்ளும் குடியிருக்கிறார்கள் அவருடன் வேலை செய்தவர்கள்.

நாரணாபுரத்தில் கதை நேர்மாறு. இங்கே கூலி குறைவாக இருக்க முடிவதே வீடு இருப்பதால்தான். பாட்டன் காலத்து ஓட்டு வீடோ, அரசு கட்டிக்கொடுத்த வீடோ, பலருக்கு வாடகை என்ற பேச்சில்லை. ரேஷன் அரிசி உண்டு. கம்பெனி வண்டி விடியுமுன் ஊருக்கே வந்து ஏற்றிப்போகிறது. கூலியில் சேர வேண்டிய கூரையையும் சோற்றையும் ஊரும் அரசும் ஏற்றுக்கொள்கின்றன. சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்குகிறவரின் முழங்கைவரை அலுமினியத் தூள் அப்பியிருக்கும். குளிக்காமல் பிள்ளையைத் தொடமாட்டார். குளித்து, உலை வைத்து, பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுவார். குரோஸ் கணக்கில்தான் காசு. ஒரு குரோஸ் என்றால் 144. அந்தக் கணக்கில் கரண்டு பில் சேராது, வீட்டின் இடம் சேராது, பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவும் மாமியாரின் நேரமும் சேராது. பண்டிகைக்கு முன் போனஸ், இடையில் முன்பணம், மழை பெய்தால் வேலையில்லை. இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்க வேண்டிய புத்தகத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

வியப்பு என்னவென்றால், கூலியை ஓரளவு சரியாக வாசித்தது உச்ச நீதிமன்றம்தான். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. குழந்தைக்குப் பதில் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு வேலை, முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. பிள்ளை சம்பாதிப்பது பெரியவரின் வேலையின்மையால் என்று அது கண்டது. ஆனால் 25,000 ரூபாயின் வட்டி ஒரு குடும்பத்தின் வயிற்றுக்கு எத்தனை நாள் வரும்? பெரியவருக்குக் கிடைக்கும் அந்த வேலையின் கூலி என்ன என்ற அடுத்த கேள்வியும் எஞ்சியே நிற்கிறது.

தொண்டுக்கு வருவோம். தமிழக அரசு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகள் இருக்கும் தெருவுக்கே போனார்கள். தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய எழுத்தாளர்களுக்கு வாய்க்காத நேரம் அது. வீடு பட்டறையாக மாறும் நேரம். அதைப் பார்க்க வாய்த்த தன்னார்வலர்களின் கையில் பாடநூல்தான் இருந்தது, கணக்கு நோட்டு இல்லை. அவர்களுக்கு மாத ஊக்கத்தொகையாக 1,000 ரூபாய் தரப்பட்டது. குறைந்த கூலியைப் புரிந்துகொள்ள அவர்கள் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை என்று சொன்னால் கிண்டல் போலிருக்கும், கிண்டல் இல்லை.

‘கரிப்பு மணிகள்’ இந்த அலமாரியின் மேல்தட்டுக்கு உரியது. எரன்ரைக்கின் நூல் முறைக்காகவும், 1996 தீர்ப்பு ஒரு பத்திக்காகவும் அருகில் இருக்கலாம். ‘கூட்டுக் குஞ்சுகள்’ ஆவணமாக நிலைக்கும், நாவலாக அல்ல. ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளிவரை ஒரே வீட்டின் குரோஸ் கணக்கைத் தொடரும் நூல் வந்தால் இந்த வரிசையை மாற்றி எழுத நான் தயார்.