பத்து டாலரில் முன்வரிசை

அமெரிக்காவின் பத்து டாலர் நோட்டில் இருப்பது அலெக்சாண்டர் ஹாமில்டனின் முகம். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் 'ஹாமில்டன்' இசை நாடகம் 2015 ஜூலையில் நியூயார்க்கின் பிராட்வேக்கு வந்தபோது, முதல் வரிசை இருக்கைக்கு வைத்த விலையும் அந்த ஒற்றை நோட்டுதான். ஆனால் காசு மட்டும் போதாது, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். காட்சி தொடங்கச் சில மணி நேரம் இருக்கையில் 46ஆம் தெருவில் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கின் வாசலுக்கு வந்து, பெயரெழுதிய சீட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் முன்னோட்டக் காட்சிக்கே எழுநூறு பேருக்கு மேல் திரண்டுவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பப் போகிறவர்கள். நாடகத்தை எழுதி, இசையமைத்து, நாயகனாகவும் நடித்த லின்-மானுவல் மிராண்டா வாசலுக்கு வந்து அவர்களோடு பேசினார். பிறகு அதுவே வழக்கமாகி, குலுக்கலுக்கு முன் நடைபாதையிலேயே நடிகர்கள் ஐந்து நிமிடம் ஏதாவது பாடிக்காட்டும் 'ஹாம் ஃபார் ஹாம்' என்ற குட்டி நிகழ்ச்சி பிறந்தது. சீட்டு விழாதவர்களுக்கும் கொஞ்சம் நாடகம் கிடைத்தது.

இந்த வழக்கத்தின் வேர் 'ரென்ட்' நாடகத்தில் இருக்கிறது. வாடகை கட்ட வழியில்லாத இளம் கலைஞர்களின் கதை அது. எழுதிய ஜொனாதன் லார்சன், மூன்டான்ஸ் என்ற உணவகத்தில் பல ஆண்டுகள் பரிமாறிப் பிழைத்தவர். நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த நாளின் விடியற்காலையில், 1996 ஜனவரி 25 அன்று, 35 வயதில் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து நாடகம் பிராட்வேயின் நெடர்லேண்டர் அரங்குக்கு வந்தது. லார்சனைப் போன்றவர்களே உள்ளே நுழைய முடியாத விலையில் லார்சனின் நாடகத்தை விற்பதா என்ற கேள்வி அங்கே எழாமல் இருந்திருக்க முடியாது. ஜெஃப்ரி செல்லர், கெவின் மெக்கல்லம் முதலிய தயாரிப்பாளர்கள் முதல் இரண்டு வரிசைகளை அன்றன்றைக்கு 20 டாலருக்குக் கொடுத்தார்கள். முந்தி வந்தவருக்கே சீட்டு என்றதும், இளைஞர்கள் முந்தைய இரவே நடைபாதையில் படுக்க ஆரம்பித்தார்கள். 41ஆம் தெரு அன்று இரவில் பத்திரமான இடமில்லை. அதனால்தான் 1997இல் வரிசை போய்க் குலுக்கல் வந்தது.

முதல் இரண்டு வரிசைகள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் திரையரங்குகளில் திரைக்கு அருகே இருப்பது தரை டிக்கெட். மேடை நாடகத்தில் கணக்கு தலைகீழ். நடிகரின் மூச்சு கேட்கும் இடத்துக்குத்தான் அதிக விலை, மலிவுச் சீட்டுக்காரருக்கு மேல்மாடியின் மூலை. 'ரென்ட்' அந்த வரிசையைக் கலைத்தது. கையில் காசில்லாதவரை மேடையின் காலடியில் உட்காரவைத்தது. குலுக்கலின் சிறப்புகளில் முதலாவதாகச் சொல்லத்தக்கது இதுதான். விலைக்குறைப்பே இதற்கு அடுத்துதான் வருகிறது.

வரிசையைப் போலன்றி, குலுக்கலை விலைக்கு வாங்குவதும் கடினம். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் டெலகார்ட் திறந்தவெளி அரங்கில் 1962 முதல் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் இலவசமாக நடக்கின்றன. 2010இல் அல் பசினோ ஷைலக்காக நடித்தபோது, காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக வரிசையில் நிற்கும் ஆட்கள் முளைத்தார்கள். இலவசச் சீட்டு 125 டாலர் வரை போனது. மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ குவோமோ தலையிட வேண்டியிருந்தது. வரிசையில் நிற்க ஆள் வைக்கலாம், அதிர்ஷ்டத்துக்கு ஆள் வைக்க முடியாது. விழுந்த பெயருக்கு உரியவர் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டித்தான் சீட்டைப் பெற வேண்டும், பிறருக்கு மாற்ற முடியாது என்ற விதிகளும் சேர்ந்து பிளாக் டிக்கெட்காரர்களை ஒதுக்கிவைக்கின்றன.

ஆனால் குலுக்கல் யாருடைய பெயருக்குச் சமநீதி செய்கிறது? குடத்துக்குள் போன பெயர்களுக்கு மட்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்தலிலும் நிலம், சொந்த மனை, வயது, கல்வி என்று தகுதிகளைத் தாண்டிய பிறகே ஓலையில் பெயர் ஏறியது. பிராட்வே நடைபாதையில் தகுதி எழுதப்படவில்லை, ஆனால் இருந்தது. வேலைநாளின் மாலையில் மன்ஹாட்டனின் நடுவில் வந்து நிற்க முடிகிறவர் மட்டுமே பெயர் போடலாம். லார்சனைப் போல உணவகத்தில் பரிமாறுகிறவர், கைக்குழந்தைக்காரி, நெடுநேரம் நிற்க முடியாதவர் யாருக்கும் அங்கே இடமில்லை.

கைபேசி இந்தத் தடையை உடைத்தது. உடைத்த வேகத்தில் வேறொன்றும் உடைந்தது. 2016 ஜனவரி தொடக்கத்தில் 'ஹாமில்டன்' குலுக்கல் இணையத்துக்குப் போன முதல் நாளே ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்ய முயன்று, தளம் முடங்கியது. அன்றைய கணக்கில் பத்து டாலர் இருக்கைகள் 21. நடைபாதையில் எழுநூறு பேர் நின்றபோது ஓர் இருக்கைக்கு முப்பத்து மூன்று பேர் போட்டி. இணையத்தில் இரண்டாயிரத்து முந்நூறுக்கும் மேல். வாசலில் நின்றவர் சுற்றிலும் தலைகளை எண்ணி, தன் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட முடிந்தது. அடைமழை நாளில் வந்து நின்றால் கூட்டம் குறையும் என்று நம்பவும் இடமிருந்தது. கைபேசிக்காரருக்கு முன்னால் யாரும் தெரிவதில்லை. 'இம்முறை உங்கள் பெயர் தேர்வாகவில்லை' என்ற மின்னஞ்சல் மட்டும் வருகிறது. நாளைக்கும் பெயர் கொடுக்கிறார். அவருடைய மின்னஞ்சல் முகவரியோ விற்பவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பெயர் விழுந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. பல குலுக்கல்களில் ஒரு மணி நேரத்துக்குள் பணம் கட்டியாக வேண்டும். பெரும்பாலும் இரண்டு இருக்கைகள்தான். இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பம் யாரை வீட்டில் விடும்? சில மணி நேர அவகாசத்தில் விடுப்பு எடுக்க முடியாத கூலிக்காரருக்கும் தொலைதூரத்திலிருந்து வருகிறவருக்கும் விழுந்த சீட்டே தண்டமாகிவிடலாம்.

இவற்றையெல்லாம்விட ஆழமான குறை விலைப்பட்டியலில் இருக்கிறது. 2001இல் 'தி ப்ரொட்யூசர்ஸ்' நாடகம் சில இருக்கைகளை 480 டாலருக்கு விற்றுச் சிறப்பு விலை என்ற வழக்கத்தைத் தொடங்கியது. 2016 ஜூனில் 'ஹாமில்டன்' அந்தச் சிறப்பு விலையை 475 டாலரிலிருந்து 849க்கு உயர்த்தியது. அப்போதே பத்து டாலர் இருக்கைகளை 21இலிருந்து 46 ஆக்குவதாகவும் அறிவித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். கூடுதலாகத் தந்த 25 இருக்கைகளைச் சாதாரண இருக்கையின் உச்ச விலையான 199 டாலருக்கு விற்றிருந்தால் காட்சிக்கு 4,725 டாலர் அதிகம் வந்திருக்கும். 849 டாலர் கொடுப்பவர்களில் பதின்மூன்று பேரின் கூடுதல் கட்டணமே அதை ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் அந்த விலையில் காட்சிக்கு ஏறத்தாழ இருநூறு இருக்கைகள் இருந்தன.

தயாரிப்பாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அந்த இருக்கைகள் மறுவிற்பனையில் ஆயிரம் டாலரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன; அந்தப் பணம் தரகருக்குப் போவதைவிட நாடகம் போட்டவர்களுக்கு வருவது மேல். பாமோல், போவென் என்ற பொருளியலாளர்கள் 1966லேயே காட்டியபடி, நாடகத்தில் உழைப்பைக் குறைத்து உற்பத்தியைக் கூட்ட முடியாது. நேற்று நால்வர் வாசித்த இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும். சம்பளம் ஏற ஏறச் சீட்டின் விலையும் ஏறும். இவை உண்மை. ஆனாலும் 1,319 இருக்கைகள் கொண்ட அரங்கில் 46 என்பது நூற்றுக்கு மூன்றரை. அந்த மூன்றரையைப் பற்றியே எல்லோரும் பேசும்போது, மீதி தொண்ணூற்றாறரையின் விலை பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது. 2025இல் டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜில்லன்ஹாலும் நடித்த 'ஒதெல்லோ'வுக்குக் கீழ்த்தளத்து நல்ல இருக்கைகள் 921 டாலருக்கு விற்கப்பட்ட அளவுக்கு அந்தப் பட்டியல் வளர்ந்திருக்கிறது.

அதிர்ஷ்டம் தேவைப்படாத மலிவுச் சீட்டு நடக்காத காரியமும் அல்ல. லண்டனில் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு 1997இல் திறந்தது முதல் பல ஆண்டுகள், மேடையைச் சுற்றி நின்று பார்க்கும் எழுநூறு இடங்களை ஐந்து பவுண்டுக்குக் கொடுத்தது. கால் வலிக்கும்; ஆனால் நிற்கச் சம்மதித்தவருக்கு இடம் உறுதி. அதே நகரின் நேஷனல் தியேட்டர் 2003இல், நிக்கோலஸ் ஹைட்னர் இயக்குநரானதும், ஒரு நிறுவனத்தின் உதவியோடு ஆலிவியர் அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு இருக்கைகளைப் பத்து பவுண்டுக்கு விற்றது. அங்கே அரசு மானியம் உண்டு, பிராட்வேயில் அது இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் மானியமில்லாத பிராட்வேயிலேயே, அதே 'ஹாமில்டன்' அரங்கிலேயே, வேறொரு பத்து டாலர் சீட்டும் இருந்தது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில், நியூயார்க் அரசுப் பள்ளிகளின் இருபதாயிரம் மாணவர்களுக்கு நாடகம் காட்டும் திட்டம் 2015இல் அறிவிக்கப்பட்டது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளைத் தேடிப் பிடித்தார்கள். 70 டாலர் சீட்டில் 60 டாலரை அறக்கட்டளை கொடுத்தது, மாணவர் கொடுத்தது ஒரு ஹாமில்டன் நோட்டு. மாணவர்கள் முதலில் பல வாரம் வகுப்பில் அந்தக் காலத்துக் கடிதங்களையும் ஆவணங்களையும் படித்து, அவற்றிலிருந்து தாங்களே ஒரு பாட்டோ கவிதையோ காட்சியோ எழுதினார்கள். காட்சி நாளில் காலையில் வந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தாங்கள் எழுதியதை அதே மேடையில் ஏறி நடித்துக் காட்டினார்கள். மதியம் நாடகம் தொடங்கியபோது முன்வரிசையிலிருந்து மேல்மாடி வரை அரங்கு முழுக்க அவர்களே உட்கார்ந்திருந்தார்கள்.