நேப்பிள்ஸ், ரோம், பலேர்மோ: இத்தாலிய பீட்சா மரபுகளும் அவற்றின் அளவுகோல்களும்

'அசல் இத்தாலிய பீட்சா' என்று பிற நாடுகளில் ஒரே பண்டத்தைப் போலச் சொல்லப்படுவது, இத்தாலிக்குள் ஊருக்கு ஊர் மாவிலும் அடுப்பிலும் உண்ணும் முறையிலும் வேறுபடும் பல மரபுகளின் பொதுப்பெயரே ஆகும். அவற்றுள் விரிவான எழுத்திலக்கணம் வாய்த்தது நேப்பிள்ஸ் மரபு. 1984இல் அந்நகரில் தொடங்கப்பட்ட 'அசோசியாசியோனே வெராச்சே பீட்சா நாப்போலெத்தானா' என்னும் சங்கம் செய்முறை விதிகளை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவை மரபுச் சிறப்பு உறுதிசெய்யப்பட்ட உணவாகப் பதிவுசெய்தது. 2017இல் யுனெஸ்கோ, 'பீட்சாயுவோலோ' எனப்படும் பீட்சாக் கலைஞரின் கைத்தொழிலைப் பண்பாட்டு மரபுச்செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அந்த விதிகளின்படி மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றுக்கு மட்டுமே இடமுண்டு. எண்ணெயோ வெண்ணெயோ சேர்ப்பதில்லை. பொங்கிய மாவுருண்டையை உருட்டுக்கட்டையால் தேய்க்காமல், உள்ளிருக்கும் காற்று விளிம்புக்கு நகரும்படி விரல்களால் நடுவிலிருந்து அழுத்தி விரிக்க வேண்டும். அவ்வாறு காற்றேறிய விளிம்பே 'கோர்னிச்சோனே'. அதன் உயரம் 1 முதல் 2 சென்டிமீட்டர், முழு பீட்சாவின் விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மிகாதது. ஐரோப்பிய விதி விறகு அடுப்பையே ஏற்கிறது. ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அதன் தளத்தில் பீட்சா 60 முதல் 90 நொடிகள் மட்டுமே கிடக்கிறது. மாவின் ஈரம் முழுதும் வெளியேறுமுன் விளிம்பு உப்பிக் கரும்புள்ளிகள் விழுந்துவிடுவதால், நடுப்பகுதி மென்மையாகவே நின்றுவிடுகிறது. நடுவில் துவள்கிறது என்று வெளியூர் விருந்தினர் குறைகூறுவது வழக்கம். நான்காக மடித்துத் தெருவில் நின்றபடி உண்ணும் 'போர்த்தஃபோலியோ' வழக்கம் அந்தத் துவளலினால்தான் இயல்கிறது என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

நேப்பிள்ஸின் ஆதார வகைகள் இரண்டு: தக்காளி, பூண்டு, ஓரெகானோ, ஆலிவ் எண்ணெய் கொண்ட மரினாரா; தக்காளி, மொசரெல்லா, துளசியினத்தைச் சேர்ந்த பேசில் இலை கொண்ட மர்கெரீட்டா. பின்னதை 1889இல் ரஃபாயேலே எஸ்போசித்தோ என்பவர் அரசி மர்கெரீட்டாவுக்காக உருவாக்கினார் என்ற கதை பெரும்புகழ் பெற்றது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் கடிதத்தை ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். கதை எவ்வாறாயினும், ஒரு கடையின் தரத்தை அறிய மர்கெரீட்டாவைக் காட்டிலும் மரினாராவே தக்கது. பாலாடைக்கட்டி இல்லாத அந்தத் தட்டில் புளிக்காத மாவையும் நீர்த்த தக்காளியையும் மறைக்க வழியில்லை. 1870இல் தோன்றிய 'தா மிக்கேலே' போன்ற பழைய கடை நெடுங்காலம் இவ்விரண்டை மட்டுமே பரிமாறிப் புகழ் நிலைநிறுத்தியது என்பது இதற்குத் துணைநிற்கும்.

ரோமின் வட்டப் பீட்சா நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு நேர்மாறானது. மாவில் எண்ணெய் சேர்த்து, உருட்டுக்கட்டையால் மெலிதாகத் தேய்த்து, தணிந்த சூட்டில் கூடுதல் நேரம் சுடுவதால், கடிக்கும்போது விளிம்புவரை மொறுமொறுக்கிறது. பீட்சாவுக்கு முன்பாக, உள்ளே மொசரெல்லா வைத்துப் பொரித்த 'சுப்ளீ' என்னும் சோற்றுருண்டையைக் கேட்டு உண்பது ரோமானியர் வழக்கம். நீள்சதுரத் தட்டில் சுட்டுக் கத்தரியால் வெட்டி, எடைபோட்டு விற்கும் 'அல் தாலியோ' அந்நகரின் மற்றொரு கிளை. 2003இல் வத்திக்கான் அருகே கபிரியேலே போன்சி தொடங்கிய 'பீட்சாரியும்' அதற்குப் புதிய மதிப்பைத் தந்தது. பலேர்மோவின் 'ஸ்ஃபின்ச்சோனே' தடித்த, பஞ்சுபோன்ற அடிமாவின் மேல் வெங்காயம், நெத்திலி, ரொட்டித்தூள் தூவப்பட்டது. அதை நேப்பிள்ஸ் விதியால் அளப்பது பொருந்தாது.

இருப்பினும் உண்ணும் ஒழுங்கில் இத்தாலியப் பீட்சேரியாக்கள் பெரிதும் ஒத்திருக்கின்றன. வட்டப் பீட்சா ஆளுக்கு ஒன்றாக, வெட்டப்படாமல் வருகிறது. உண்பவரே கத்தியாலும் முள்கரண்டியாலும் துண்டாக்கிக்கொள்கிறார், கையால் எடுத்தாலும் எவரும் தவறாகக் கொள்வதில்லை. சூடு தணிந்தால் நேப்பிள்ஸ் மாவு தோலாக இறுகிவிடுமாதலால், உடன் வந்தவர் தட்டுக்காகக் காத்திருப்பது அங்கே மரியாதையாகாது. புதிதாகச் செல்வோர் நீண்ட பட்டியலைப் புரட்டாமல், அந்த ஊரின் எளிய வகையை முதலில் கேட்பது நலம்: நேப்பிள்ஸில் மரினாரா, ரோமின் அடுமனையில் எண்ணெயும் உப்பும் மட்டுமே தூவிய 'பீட்சா பியான்கா', பலேர்மோவில் ஸ்ஃபின்ச்சோனே.