ஹார்டி சகோதரர் கதைகள்: திருத்தமும் இழப்பும்

சிறுவர்க்கென எழுதப்பெறும் துப்பறியும் கதைகளைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கருதுவோர் மிகச் சிலரே. அவற்றைப் படிக்கும் மாணவனைக் கண்டிப்பதோடு தம் கடமை முடிந்துவிடுவதாக ஆசிரியர் பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் தலைமை நூலகராக விளங்கிய பிராங்க்ளின் மேத்யூஸ், மலிவு விலைச் சாகச நூல்கள் சிறுவர்தம் மூளையைச் சிதறடிக்கின்றன என 1914ஆம் ஆண்டிலேயே கடுமையாக எழுதினார். எட்வர்ட் ஸ்டிராட்டமேயர் நிறுவிய எழுத்துக் கூட்டகத்தின் நூல்களும் அவ்வகையைச் சார்ந்தனவே.

அக்கூட்டகம் ஒரு பட்டறை போன்றது. கதைச்சுருக்கத்தை ஸ்டிராட்டமேயர் வகுப்பார். வேறொருவர் அதனை நூலாக விரிப்பார். அட்டையில் இருவர் பெயரும் இராது. 1927ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய ஹார்டி சகோதரர் வரிசையின் ஆசிரியர் பிராங்க்ளின் டிக்சன் எனப்பட்டார். அப்படி ஒருவர் வாழ்ந்ததே இல்லை. தொடக்க நூல்களுள் பெரும்பாலானவற்றை எழுதியவர் லெஸ்லி மெக்ஃபார்லேன் என்னும் கனடியச் செய்தியாளர். நூலொன்றுக்கு அவர் பெற்றது 125 அமெரிக்க வெள்ளி; பொருளாதார மந்தக் காலத்தில் அது 85 வெள்ளியாகக் குறைந்தது. உரிமைத்தொகை ஏதும் இல்லை.

இத்தகைய கூலி எழுத்தில் இலக்கியம் தேடுவது வீண் என்போர், முதல் நூலாகிய 'கோபுரப் புதையல்' கதையைச் சற்று நிதானமாகப் படித்தல் வேண்டும். செல்வர் ஒருவரின் கோபுர மாளிகையில் அணிகலன்களும் பத்திரங்களும் களவு போகின்றன. மாளிகைக் காவலர் மீது பழி விழுகிறது. அவர் மகன் பெர்ரி, ஹார்டி சகோதரரின் பள்ளித் தோழன். படிப்பைவிட்டு மளிகைக்கடை வேலைக்குப் போகிறான். களவின் விடையைவிட அப்பையனின் கல்வியே நம் கவலையாகிறது. இறக்குந்தறுவாயில் உள்ள திருடன், பொருளைப் பழைய 'டவரில்' ஒளித்ததாகக் கூறுகிறான். மாளிகைக் கோபுரத்தைத் தேடினால் அங்கு ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் அச்சொல் மாளிகையின் கோபுரத்தையும் குறிக்கும். இரயில் பாதை அருகே நிற்கும் நீர்த்தொட்டிக் கோபுரத்தையும் குறிக்கும். கதையின் முடிச்சு முழுவதும் ஒரு சொல்லின் இரு பொருளில் அமைந்துள்ளது. மொழியாசிரியர் இதனினும் நல்ல பாடத்தை எங்கே தேடுவர்?

மெக்ஃபார்லேனின் பலம் கதைப்பின்னலில் இல்லை. அது பெரும்பாலும் முதலாளி கொடுத்தது. விரைவுக்கு இடையே அவர் விடும் ஓய்விலேதான் பலம் உள்ளது. உணவு மேசையின் விரிந்த விவரிப்பு, நகைப்புக்குரிய காவல் தலைவர் காலிக், எக்கட்டளைக்கும் மறுமொழி பொறாத அத்தை கெர்ட்ரூட் ஆகிய யாவும் அவர் கைவண்ணம். சிறுவனுக்குத் தெரியாத சொற்களை இடுவதற்கு அவர் அஞ்சவில்லை.

ஆனால் அதே முதல் நூலில் மற்றொரு காட்சியும் உண்டு. காவல் தலைவர் இரயிலைத் தவறவிட வேண்டும் என்பதற்காகப் பையன்கள், ரோக்கோ என்னும் இத்தாலியப் பழ வணிகனின் கடையடியில் மணிப்பொறி வைத்த பெட்டியொன்றை வெடிகுண்டுபோலத் தோன்ற வைக்கின்றனர். அதிகாரத்தைக் கேலி செய்யும் துணிவு அக்காட்சியில் உண்டு. குடியேறிப் பிழைக்க வந்த ஏழையின் அச்சமும் உடைந்த மொழியும் அங்கேயே நகைப்புப் பொருளாகின்றன. குடியேறியோர் வழிவந்த நாம் அந்தப் பழக்கடையை ஹார்டி சகோதரரின் கண்கொண்டு மட்டும் பார்க்க இயலாது. வேறு நூல்களில் கறுப்பரும் சீனரும் வரையப்பட்ட முறை இதனினும் இழிவானது.

ஆகவே திருத்தம் தேவைப்பட்டது. ஸ்டிராட்டமேயரின் மகள் ஹேரியட் ஆடம்ஸின் மேற்பார்வையில், 1959 முதல் 1973 வரை முதல் 38 நூல்களும் திருத்தப்பெற்றன. இன இழிவுகள் நீக்கப்பட்டன, அது நன்று. ஆனால் அதே கையோடு 25 இயல்கள் 20 ஆகச் சுருங்கின. அரிய சொற்கள் எளிய சொற்களாயின. நகைப்புக்குரிய காவலர் மதிப்புக்குரியவராயினர். சில நூல்களில் பழைய தலைப்பு மட்டுமே எஞ்சியது. ரோக்கோவின் மானத்தைக் காப்பதற்கும் சிறுவனின் சொல்வளத்தைக் குறைப்பதற்கும் என்ன தொடர்பு? முன்னது அறம், பின்னது வாணிகக் கணக்கு. இரண்டையும் ஒரே பெயரால் செய்ததே என் குற்றச்சாட்டு. வகுப்பறைக்கென நூல்களைச் சுருக்கித் தரும் நம்மவர் கையிலும் இக்குழப்பம் உண்டு.

திருத்திய பதிப்பைக் குறை கூறுவோர் பலர் மூலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவர். அதுவும் எனக்கு உடன்பாடன்று. மூலத்தில் நீர்த்துப்போன பக்கங்கள் பல. தற்செயலாய் வந்து உதவும் துப்புகளோ எண்ணில. எனினும், தன் வாசகனைத் தாழ்வாக எண்ணாத எழுத்து அது. விரைந்து கதையை முடிக்கும் புதிய பதிப்பில் அம்மதிப்பை நான் காணவில்லை.

மூலப் பதிப்புகள் 1991ஆம் ஆண்டு முதல் மறு அச்சாக வரத் தொடங்கின. 1927ஆம் ஆண்டின் நூல்கள் 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொதுவுடைமையாயின. எனவே இரு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படிப்பது இப்போது எளிது. என் மாணவன் கேட்டால் மூலத்தையே தருவேன். ரோக்கோவின் கடை வரும் பக்கத்தில் அவனுடன் அமர்ந்து படிப்பேன்.