காற்றுக்கும் கணக்குள்ள ஊரில் ஒரு கொலை

அறிவியல் புனைகதையும் துப்பறியும் கதையும் ஒத்துப்போகாது என்பது 'அஸ்டவுண்டிங்' இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல்லின் கட்சி. கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் யாரும் கேள்விப்படாத ஒரு கருவியை எடுத்து நீட்டினால் வாசகர் என்ன செய்வார்? 1954இல் புத்தகமாக வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலில் ஐசக் அசிமோவ் இதற்குப் பதில் சொன்னார். ரோபோ மனிதரைக் கொல்லாது. கூரையடியிலேயே வாழ்ந்து பழகிய நகரவாசி திறந்தவெளியைக் கால்நடையாகக் கடக்க மாட்டார். விதிகளை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவற்றுக்குள்ளேயே கொலையாளியைத் தேடவைத்தார். பின்னால் வந்த எல்லோரும் நடப்பது அந்தத் தடத்தில்தான்.

இந்த வகைக் கதைக்கு விண்வெளிக் குடியிருப்பைவிடப் பொருத்தமான களம் இல்லை என்பது என் எண்ணம். 1974இல் இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் இந்தக் கனவை எண்களோடு முன்வைத்தார். அடுத்த ஆண்டு நாசா நடத்திய கோடைகால ஆய்வில் 10,000 பேர் வாழக்கூடிய, 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள வளையம் ஒன்றின் வரைவு உருவானது. நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழன்றால் உள்ளே நிற்பவருக்குப் பூமியில் உள்ள எடையே இருக்கும். அங்கே காற்று, தண்ணீர், கதவு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பூட்டிய அறைக்குள் நடந்த கொலை என்ற பழைய புதிர், பூட்டிய ஊருக்கு விரிகிறது.

அந்த வளையத்தில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ரத்தச் சொட்டு நேர்கீழே விழாது. சுழற்சிக்கு எதிர்த்திசையில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தள்ளி விழும். ஆரம் 100 மீட்டர்தான் என்றால், அதே எடையைத் தரும் சுழற்சியில் 27 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். தரையில் உள்ள கறை, கொலை எந்தக் குடியிருப்பில் நடந்தது என்பதையே காட்டிக்கொடுக்கக்கூடும். இப்படி இடமே சாட்சி சொல்லும்போதுதான் இந்த வகை நாவல் உயிர்பெறுகிறது. களம் வெறும் திரைச்சீலையாக இருந்தால், லண்டனிலேயே எழுதியிருக்கலாமே என்று தோன்றிவிடுகிறது.

அப்படி உயிர்பெற்ற நாவல் அலஸ்டர் ரெனால்ட்ஸின் 'தி ப்ரிஃபெக்ட்' (2007). ஐரோப்பிய விண்வெளி முகமையில் பணியாற்றிய வேல்ஸ்காரர் அவர். எப்சிலான் எரிடானி விண்மீனின் யெல்லோஸ்டோன் கோளைச் சுற்றி 10,000 குடியிருப்புகள், பத்துக் கோடி மக்கள். ஒவ்வோர் ஊருக்கும் அதன் சொந்தச் சட்டம். தாமே விரும்பிக் கொடுங்கோன்மையை ஏற்ற ஊர்கூட உண்டு. பானப்ளி என்ற சிறிய காவல் படை அதிலெல்லாம் தலையிடாது. அது காப்பது வாக்குரிமையை மட்டுமே. நாவல் தொடங்குவதே ஒரு வாக்கு மோசடி விசாரணையில்தான். காவலர்கள் கனரக ஆயுதம் ஏந்தவும் மக்களின் வாக்கு வேண்டும். மக்களோ மறுக்கிறார்கள்.

960 பேரோடு ஒரு குடியிருப்பு எரிந்துபோகிறது. பானப்ளியின் டாம் டிரேஃபஸ் விசாரிக்க வருகிறார். இறந்தவர்களின் கணினிப் பிரதிகள் சில மீட்கப்படுகின்றன. கொலையுண்டவர்களையே உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்! அந்தப் பிரதிகளுக்கு உயிருண்டு என்று அவர் நம்புவதில்லை. ஆனாலும் தம்மை அழித்தது யார் என்று அவை கேட்கும்போது அவர் வாயடைத்துப்போகிறார். நாவலில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இது. இன்னொரு பக்கம், தாலியா இங் என்ற இளம் அதிகாரி வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஓட்டையை அடைக்கப் போகிறாள். அந்தத் திருத்தமே நான்கு குடியிருப்புகளின் குரலை அடைக்கிறது. குற்றத்தின் கருவி, அந்தச் சமூகம் உயிராக மதிக்கும் வாக்குதான். வேறெந்தக் களத்திலும் இந்தக் குற்றம் நடந்திருக்க முடியாது.

குறையும் உண்டு. உள்ளிருந்தே காட்டிக்கொடுப்பவர் யார் என்பது வாசகருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. பின்பாதியில் விசாரணை ஒதுங்கி, போர் முந்திக்கொள்கிறது. டிரேஃபஸ் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பெயரில் இருவர் சேர்ந்து எழுதிய 'லெவியத்தன் வேக்ஸ்' (2011) சீரிஸ் குறுங்கோளைச் சுழலவைத்து அறுபது லட்சம் பேரைக் குடியேற்றுகிறது. அங்கே காவலே குத்தகைக்கு விடப்பட்ட தொழில். காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடும் மில்லர், பூமிக்காரர்களின் நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் உள்ளூர்க்காரர். அவர் மனத்தின் பிளவு அங்கிருந்துதான் வருகிறது. மார்த்தா வெல்ஸின் 'ஃப்யூஜிடிவ் டெலிமெட்ரி' (2021) ஒரு கடினமான கேள்வியை எதிர்கொள்கிறது: எங்கும் கேமரா வைக்கக்கூடிய நிலையத்தில் மர்மத்துக்கு ஏது இடம்? அந்தச் சமூகம் கண்காணிப்பை வேண்டாமென்று ஒதுக்கியிருக்கிறது. நிலையத்தின் கணினிகளை ஊடுருவுவதில்லை என்று, இந்தக் கதையில் துப்பறிவாளராக வரும் இயந்திரமும் வாக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் அது ஊர் ஊராக அலையும் பழைய துப்பறிவாளர்போல ஆட்களை நேரில் பார்த்துப் பேசியே ஆகவேண்டும். சுதந்திரத்துக்காக ஒரு சமூகம் கொடுக்கும் விலையை இத்தனை சிறிய புத்தகத்தில் இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு.

புதிதாக வருபவர் வெல்ஸிடம் தொடங்கி ரெனால்ட்ஸுக்குப் போகலாம். 'தி ப்ரிஃபெக்ட்' இப்போது 'அரோரா ரைசிங்' என்ற பெயரில் கிடைக்கிறது. டிரேஃபஸின் கதை 'எலிசியம் ஃபயர்' (2018), 'மெஷின் வெண்டெட்டா' (2024) என இரண்டு நாவல்களில் தொடர்கிறது.