வெள்ளையை விட்டுவைத்த கை

நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதில்லை. தாளின் வெண்மையைத்தான் விட்டுவைக்க வேண்டும். தேர்ந்தவர்களே தடுமாறும் இந்த வித்தை என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கைவந்திருக்கிறது. எவர்சில்வர் குடம் வரைந்தாள். கழுத்தில் வெயில் பட்ட இடத்துக்குத் தூரிகை போகவே இல்லை. சுற்றிலும் சாம்பலையும் நீலத்தையும் கரைத்து ஓடவிட்டாள், குடம் பளபளத்தது. வயிற்றில் சிவப்பாக ஒரு தீற்றல்: பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் வாளியின் பிரதிபலிப்பு. கண் கண்டதைக் கை தவறவிடவில்லை.

இன்னொருவன் தாத்தாவின் கைகளை வரைகிறான். தாள் முழுக்க சார்க்கோலைத் தேய்த்துவிட்டு, ரப்பரால் அழித்து அழித்தே நரம்புகளை எழுப்புகிறான். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது.

மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த ஓவியக் கல்லூரி சென்னையில் இன்றும் இருக்கிறது; தொடங்கியது 1850இல். பிளஸ் டூ முடித்து அங்கே பட்டப்படிப்பில் சேரலாம் என்று இவர்களின் பெற்றோரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கணக்கில் நூறு வாங்கிய பிள்ளையைக் கொண்டாடுகிறோம். அதே மேடையில் இவர்களையும் ஏற்றுவோம். படங்களை ஊர் பார்க்க மாட்டிவைப்போம்.